பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் என்றால் பத்தாயிரம் கட்ட வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன்னால் என் சித்தி ஒரு மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் அடகுக் கடைச் சீட்டும் ரப்பர் பேண்ட் போட்ட 20,000 ரூபாயும் இருந்தன. கோயில் திருவிழாத் தகராறு ஒன்றில் அவர் மகன் பெயரும் சேர்ந்துகொண்டதால், 12 நாளாகக் கிளைச் சிறையில் இருந்தான். முந்தின நாள்தான் பெயில் ஆர்டர் ஆகியிருந்தது.

"ஆளுக்குப் பத்தாயிரம்னா ரெண்டு ஆளுக்கு இருபதாயிரமாம். வளையலை வச்சிட்டேன். இதை எங்கப்பா கட்டணும், கோர்ட்லயா ஜெயில்லயா?"

எங்கேயும் கட்ட வேண்டாம் சித்தி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கோர்ட் வாசலில் டீக்கடைப் பக்கம் நின்ற ஒருவர், 'பணத்தைக் கொடுங்கம்மா, நானே கட்டி ஆளை வெளியே எடுத்துத் தர்றேன்' என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, வளையலை வைத்துப் பணம் கைக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. இல்லாவிட்டால் அந்த 20,000 அந்த ஆளோடு போயிருக்கும்.

சித்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'பத்தாயிரம் ரூபாய் ஜாமீனில் விடுதலை' என்று பேப்பரில் படிக்கும் யாரும் பத்தாயிரம் கட்டிவிட்டு வந்ததாகத்தான் நினைப்பார்கள். சினிமாவிலும் வக்கீல் ஒரு பேப்பரை நீட்டுவார், அடுத்த காட்சியில் கம்பிக் கதவு திறக்கும். நடுவில் உள்ள இரண்டு மூன்று நாளைத்தான் குடும்பங்கள் படாத பாடுபட்டுக் கடக்கின்றன. அந்த நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சித்தி கொண்டுவந்த ஆர்டரில் இருந்த ஆங்கில வாசகத்தின் சாரம் இதுதான்: மனுதாரர் 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களையும் நீதித்துறை நடுவர் திருப்தி அடையும்படி ஆஜர்படுத்தினால் அவரை விடுவிக்கலாம். ஆக மூன்று கையெழுத்துகள். கைதானவர் ஒன்று போட வேண்டும், அவருக்காக நிற்கும் இரண்டு பேர் ஆளுக்கொன்று போட வேண்டும். மூன்றிலும் உள்ள சங்கதி ஒன்றுதான். இவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்கு வருவார், வராவிட்டால் 10,000 ரூபாயை அரசுக்குக் கட்டுகிறேன். அன்றைக்குப் பணம் கைமாறுவதே இல்லை. ஆள் தலைமறைவானால் மட்டும் உயிர் பெறுகிற கடன் என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

ஜாமீன் என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த சொல் அது. மூலத்தில் அதற்குப் 'பொறுப்பேற்பவர்' என்று பொருள். அதாவது ஜாமீன் என்பது ஆளைக் குறித்தது. இந்தியில் இன்றும் விடுதலைக்கு 'ஜமானத்', பொறுப்பேற்கும் ஆளுக்கு 'ஜாமின்' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் ஆளைக் குறித்த சொல் விடுதலையின் பெயராகிவிட்டது. அப்புறம் ஆளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்ததால் 'தாரர்' சேர்த்து ஜாமீன்தாரர் ஆக்கிக்கொண்டோம். ஆனால் 'ஜாமீன் நிற்கிறேன்' என்று சொல்லும்போது மட்டும் பழைய பொருள் எட்டிப் பார்க்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளில் வழக்குப்பதிவு' என்று நம் பத்திரிகைகள் தினமும் எழுதுகின்றன. இதைப் படித்துவிட்டுப் பெயில் மனுவே போடாமல் இருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரிவுகளில் ஜாமீன் கேட்பது உரிமையாக இல்லாமல் நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நடுவர் மறுத்தால் அமர்வு நீதிமன்றம் போகலாம், அங்கேயும் மறுத்தால் உயர் நீதிமன்றம். மற்ற வகைப் பிரிவுகளில் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். உண்மையிலேயே ஜாமீன் கதவு இல்லாத இடம் என்றால் குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ம் வருடத்துத் தமிழ்நாடு தடுப்புக் காவல் சட்டம். அதில் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அங்கே பெயில் மனு வேலைக்கு ஆகாது, ஆட்கொணர்வு மனுதான் போட வேண்டும். அது வேறு கதை.

சட்டத்தின் பெயர் மாறியிருப்பதும் சிலரைக் குழப்புகிறது. 1973-ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 437, 439 என்று பழைய வக்கீல்கள் வாயில் புழங்கிய ஜாமீன் பிரிவு எண்கள் இப்போது 480, 483. ஜாமீன் விஷயத்தில் அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஆனால் பழைய சட்டம் ஜாமீன் என்றால் என்ன என்று எங்கேயும் வரையறுக்கவில்லை, புதியது வரையறுக்கிறது. ஜாமீன்தாரரோடு எழுதிக் கொடுப்பது 'பெயில் பாண்ட்', ஜாமீன்தாரர் இல்லாமல் தானே எழுதிக் கொடுப்பது வெறும் 'பாண்ட்'. இரண்டும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டாலும், உள்ளே இருப்பவருக்கு இந்த வித்தியாசம் சில நேரம் மாதக்கணக்கில் நீளும்.

சரி, சித்தி கதைக்கு வருவோம். பணம் வேண்டாம், ஆள் வேண்டும் என்றதும் அவர் முகம் தெளிந்தது. நமக்கா ஆள் இல்லை, சொந்தபந்தம் ஊர் முழுக்க இருக்கே என்றார். மறுநாள் காலை பத்து மணிக்குள் அந்தத் தெளிவு போய்விட்டது.

முதலில் பெரியப்பாவிடம் போனோம். அவருக்குச் சொந்த வீடு. ஆனால் வீட்டு வரி ரசீது இன்னும் தாத்தா பெயரில் வருகிறது. தாத்தா இறந்து பல வருடம் ஆகிறது, பாகப்பிரிவினை நடக்கவில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு வந்துவிடும் என்று யாரும் பெயர் மாற்றவும் இல்லை. ஜாமீன்தாரர் சொந்தப் பெயரில் ரசீது காட்ட வேண்டும் என்று வக்கீலின் குமாஸ்தா சொன்னதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அடுத்து அத்தை வீட்டுக்காரர். அவர் பெயரில் எல்லாம் சரியாக இருந்தது, மனம்தான் இல்லை. "நான் கவர்மெண்ட் சர்வீஸ்ல இருக்கேன், கோர்ட் கேஸ்னு என் பேரு போனா..." என்று இழுத்தார். அரசு ஊழியர் ஜாமீன் நிற்கச் சட்டத்தில் தடை இல்லை, அவர் சம்பளச் சான்றைப் பல நீதிமன்றங்கள் நல்ல ஆதாரமாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பயத்தோடு வாதாட முடியாது. மூன்றாவதாகப் பார்த்த பங்காளி, போன வருடம்தான் வேறொருவருக்கு நின்றிருந்தார்.

இந்தத் தேடலில்தான் குடும்பத்துக்குத் தன் நிலைமை தெரியவருகிறது. பணக்காரர் ஏழை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நடைமுறையில் கேட்கப்படுவது அதைவிடக் குறுகலான ஒரு கேள்வி: சொந்தப் பெயரில் சொத்தும், உனக்காகக் கோர்ட் கூண்டில் ஏறி நிற்கும் மனமும் சேர்ந்த இரண்டு பேர் உனக்கு இருக்கிறார்களா? வாடகை வீட்டில் இருப்பவர்களின் சொந்தக்காரர்களும் பெரும்பாலும் வாடகை வீட்டில்தான் இருப்பார்கள்.

கடைசியில் ஒரு கையெழுத்து நான் போட்டேன், இன்னொன்று சித்தியே போட்டார். அவர் பெயரில் ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்கு ரசீது இருந்தது யாருக்கும் நினைவில்லை. பெண்கள் ஜாமீன் நிற்கக் கூடாது, அம்மா பையனுக்கு நிற்க முடியாது என்றெல்லாம் கோர்ட் வாசலில் யாராவது சொல்வார்கள், நம்ப வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயில் ஆர்டர்கள் பலவற்றில் இரண்டு ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாகவே இருக்க வேண்டும் என்றுகூட நிபந்தனை வரும். அந்த நிபந்தனைக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. காதல் திருமணம் செய்துகொண்டு வீட்டோடு பேச்சு இல்லாமல் போனவர், இல்லத்தில் வளர்ந்தவர், அம்மா அப்பா இருவரையும் இழந்தவர் ஆகியோர் ரத்த உறவுக்கு எங்கே போவார்கள்? ஆர்டரில் ஒரு வரி, அவ்வளவுதான். அதை மாற்ற இன்னொரு மனு, இன்னொரு வாரம்.

கையோடு கொண்டுபோனவை: ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, நான்கு போட்டோ, எல்லாவற்றுக்கும் நகல். கிராமமாக இருந்தால் பட்டா, சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று போகும். தொகை பெரிதாக இருந்தால் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அது ஒரே நாளில் கைக்கு வராது. போட்டோவை ஒட்டி, பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். ஆள் மாறாட்டத்தைத் தடுக்க உயர் நீதிமன்ற ஆர்டர்களில் வழக்கமாகவே இடம்பெறும் நிபந்தனை இது. கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கும் ரேகை எதற்கு என்று சித்தி கேட்டார். வாசலில் ஏன் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். போலி ரசீது, போலி ஆதாரோடு கூலிக்கு ஜாமீன் நிற்கும் தொழில் ஒன்று நிழலில் நடக்கிறது. அவ்வப்போது கும்பலாகப் பிடிபடுவார்கள். இதற்காகவே, இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு ஜாமீன்தாரரும் விவரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் (486-ம் பிரிவு) கேட்கிறது. கூலி ஜாமீனில் வெளியே வந்தவரின் கதி என்னவென்றால், ரசீது போலி என்று தெரிந்த நாளில் மறுபடி உள்ளே. கூடவே புதிதாக ஒரு மோசடி வழக்கும் வரலாம்.

மதியம் பெயர் கூப்பிட்டார்கள். நடுவர் தலையை நிமிர்த்தி என்னிடம் நான்கே கேள்விகள் கேட்டார். இவரை எப்படித் தெரியும்? ரசீது உங்களுடையதா? வேறு யாருக்காவது ஜாமீன் நின்றிருக்கிறீர்களா? இவர் வாய்தாவுக்கு வராவிட்டால் நீங்கள் பணம் கட்ட வேண்டிவரும், தெரியுமா? கடைசிக் கேள்விக்குத் 'தெரியும்' என்று சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது உண்மை. சித்தியிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, "வருவான் சாமி, நான் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார். நடுவர் எழுதிக்கொண்டே சிரித்த மாதிரி இருந்தது. சட்டம் ஜாமீன்தாரரிடம் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

ஏற்றுக்கொண்டதும் வேலை முடியவில்லை. விடுதலை உத்தரவு தயாராகி, சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் கைதிகளைக் கணக்கெடுத்து அடைத்துவிட்டால் உத்தரவு வந்தாலும் மறுநாள் காலையில்தான் கதவு திறக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் ஜாமீன்தாரர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் குடும்பங்கள் சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும். அனுபவப்பட்ட குமாஸ்தாக்கள் இதைக் கணக்குப் போட்டே நேரம் சொல்வார்கள்.

இனி எல்லோரும் பயப்படும் பகுதி. ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? ஒருமுறை வராமல் போனால் உடனே வீட்டை ஜப்தி செய்துவிடுவார்கள் என்பது வீண் பயம். முதலில் அவருக்குப் பிடிவாரண்ட் போகும். பத்திரம் பறிமுதலானதாக நீதிமன்றம் முடிவு செய்தால், ஏன் உங்களிடமிருந்து தொகையை வசூலிக்கக் கூடாது என்று ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். பதில் சொல்ல அங்கே வாய்ப்பு உண்டு. காரணம் ஏற்கத்தக்கதாக இருந்தால் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆளையே கண்டுபிடித்துக் கூட்டிவந்து நிறுத்துவதைவிட நல்ல பதில் கிடையாது. எதுவும் செய்யாமல் நோட்டீஸைப் பரணில் போட்டால்தான் சிக்கல். தொகையை அபராதம் போல வசூலிப்பார்கள். வசூலாகாவிட்டால் ஜாமீன்தாரரையே 6 மாதம் வரை சிவில் சிறையில் வைக்க 491-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. வராமல் போனவர் மீதும் தனி வழக்குப் போடலாம், அதற்கு ஒரு வருடம் வரை தண்டனை.

ஜாமீன் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் ஜாமீன்தாரருக்கு நஷ்டம் இல்லை. நீங்கள் பொறுப்பேற்றது அவர் வருவதற்கு, அவர் நல்லவர் என்பதற்கு இல்லை. இரண்டாவது, இவன் ஓடிவிடுவான் போலிருக்கிறது என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம் (489-ம் பிரிவு). அவரை வரவழைத்து, வேறு ஜாமீன்தாரர் கொண்டுவரச் சொல்வார்கள், கொண்டுவர முடியாவிட்டால் உள்ளே அனுப்புவார்கள். உறவுக்குள் இதைச் செய்தால் அப்புறம் கல்யாணம் காதுகுத்துக்குப் போக முடியாது என்பது வேறு விஷயம்.

அமெரிக்கக் கதைகளில் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் பெயில் பாண்ட் கம்பெனி இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அது உரிமம் பெற்ற வியாபாரம். பெயில் தொகையில் வழக்கமாக 10 சதவீதத்தைக் குடும்பம் கம்பெனிக்குக் கட்டும், கம்பெனி முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கும். வழக்கு தள்ளுபடி ஆனாலும் அந்த 10 சதவீதம் திரும்பி வராது. உலகத்தில் இப்படி வியாபாரமாக நடக்கும் நாடுகள் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2010-ல் நியூயார்க்கில் ஒரு பையைத் திருடியதாகக் கைதான 16 வயது கலீஃப் பிரவுடருக்கு 3,000 டாலர் பெயில். வீட்டாரால் புரட்ட முடியவில்லை. பிறகு பெயிலே மறுக்கப்பட்டது. விசாரணையே நடக்காமல் ஏறத்தாழ மூன்று வருடம் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கழிந்தது. வழக்கு கைவிடப்பட்டது. வெளியே வந்த அவர் 2015-ல் தற்கொலை செய்துகொண்டார். இல்லினாய் மாநிலம் 1963-லேயே இந்த வியாபாரத்தை நிறுத்தி, 2023 செப்டம்பரில் பண பெயிலையே ஒழித்தது.

இங்கே அந்த வியாபாரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 'உனக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடுகட்டுகிறேன்' என்று ஜாமீன்தாரருக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்கூடச் செல்லாது. ஜாமீன்தாரருக்கு இழக்க ஒன்றும் இல்லை என்றால் அவர் ஏன் ஆளைக் கண்காணிக்கப் போகிறார் என்பதுதான் அதன் தர்க்கம். அமெரிக்காவில் பணம் இல்லாதவர் மாட்டிக்கொள்கிறார் என்றால், இங்கே ஆள் இல்லாதவர் மாட்டிக்கொள்கிறார். எது மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணத்தையாவது வட்டிக்கு வாங்கலாம்.

ஆள் இல்லாதவரின் கதையை உச்ச நீதிமன்றம் 1978-லேயே பார்த்துவிட்டது. மோத்தி ராம் என்ற கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்திருந்தது. மத்தியப் பிரதேச நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கொத்தனாரின் தம்பியோ அண்ணனோ, ஒரு சகோதரர் வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று சொல்லி நடுவர் ஏற்கவில்லை. வழக்கு மறுபடி டெல்லிக்குப் போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நடுவரின் போக்கை வெளுத்து வாங்கிவிட்டு, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடச் சொன்னார். ஒரு மலையாளியோ தமிழரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே உள்ளூர் சொத்துக்காரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் அவர் கேட்டிருப்பார். இன்று அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் பையன் ஒரு அடிதடியில் கைதானால், உள்ளூரில் வீட்டு வரி ரசீதோடு அவனுக்காக வருவது யார்? கூட வேலை செய்பவர்களும் அதே கம்பெனி அறையில்தான் தங்கியிருப்பார்கள்.

45 வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் அதே இடத்துக்கு வந்தது. 2022 நவம்பர் 26 அன்று அரசியல் சாசன தின விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சின்னக் குற்றங்களுக்காகச் சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி நீதிபதிகள் முன்னாலேயே பேசினார். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த கணக்குப்படி, பெயில் கிடைத்தும் வெளியே போகாமல் சுமார் 5,000 விசாரணைக் கைதிகள் சிறைகளில் இருந்தார்கள். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளை வகுத்தது. பெயில் ஆர்டரை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம், அதை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. அடுத்த வருடம் வந்த கிரீஷ் காந்தி வழக்கு இன்னும் விசித்திரம். 13 வழக்கு, 13-லும் பெயில், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர் தேட முடியாமல் ஆள் உள்ளேயே இருந்தார். ஒருவருக்கு ஜாமீன் நிற்க வருவது நெருங்கிய சொந்தமோ நீண்ட நாள் நண்பரோதான், குற்ற வழக்கு என்றால் அந்த வட்டமும் சுருங்கிவிடும் என்பதை ஏற்று, அதே ஜாமீன்தாரர்கள் பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

தீர்ப்பு டெல்லியில் வந்துவிடும். அது தாலுகா கோர்ட் பெஞ்ச் கிளார்க்கின் மேஜைக்கு வந்து சேரத்தான் நாளாகும். அதனால் குடும்பம் தானாகக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. ஜாமீன்தாரரே கிடைக்காவிட்டால், பத்திரத்துக்குப் பதிலாக நீதிமன்றம் சொல்லும் தொகையை ரொக்கமாகச் செலுத்த அனுமதி கேட்கலாம், 490-ம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அப்படிக் கட்டும் பணம் கோர்ட் கணக்கில், ரசீதோடு போகும். டீக்கடை ஆளிடம் இல்லை. தொகை அதிகம் என்றால் குறைக்கச் சொல்லி அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்கலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் வகை வழக்கு என்றால், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மத்திய அரசின் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை கட்ட வழி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100. இதில் எதுவும் தானாக நடக்காது, யாராவது மனுவோ போனோ போட வேண்டும். உள்ளே இருப்பவருக்கு வெளியே யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினையே, அவருக்காக மனுவோடு அலைவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேர் பெயில் ஆர்டரை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். பணமோசடி வழக்குகளில், இத்தனை லட்சத்தை டெபாசிட் செய்தால் ஜாமீன் என்று ஆர்டர் வருவதுண்டு. அங்கே உண்மையிலேயே பணம் கட்டத்தான் வேண்டும். ஜாமீன் விசாரணையைக் கடன் வசூல் மாதிரி நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் கண்டித்திருக்கிறது. எனவே ஆர்டரில் 'பத்திரம்' என்று இருக்கிறதா, 'டெபாசிட்' என்று இருக்கிறதா என்பதை வக்கீலிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

தம்பி மறுநாள் காலை வெளியே வந்தான். அத்தோடு கண்டிஷன் ஆரம்பித்தது. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து, மறு உத்தரவு வரும்வரை. அவன் பார்த்தது பெயின்டிங் வேலை. காலை எட்டு மணிக்கு ஏணியில் ஏறினால்தான் கூலி. பத்தரைக்கு ஸ்டேஷனில் நிற்பவனை எந்த மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவார்? சிலருக்கு வேறு ஊரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆர்டர் வரும், அவர்களுக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டபின் தளர்வு கேட்டு மனுப் போட்டோம். தினமும் என்றிருந்தது வாரம் ஒருமுறை ஆனது, பிறகு ரத்தானது. அதுவரை சித்தியின் வளையல் பணம்தான் வீட்டை ஓட்டியது. ஜாமீனுக்கு என்று வைத்த வளையல் ஜாமீனுக்குச் செலவாகாமல், ஜாமீனின் கண்டிஷனுக்குச் செலவானது.

வழக்கு இன்னும் முடியவில்லை. சாட்சிகள் வரவில்லை, ஒருமுறை நடுவர் மாறினார், ஒருமுறை வக்கீல் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த பத்திரமும் அதுவரை உயிரோடுதான் இருக்கும். அவனுக்கு வாய்தா என்றால் எனக்கும் வாய்தா. முதல் நாள் ராத்திரி நான் போன் போடுவேன். "ஞாபகம் இருக்குண்ணா, ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன்" என்பான். காலையில் பஸ் ஏறியதும் அவனே ஒரு மிஸ்டு கால் கொடுப்பான்.